எங்கள் பக்கத்து ஊக்கம்

இலங்கையின் வடக்கே, எங்கள் வன்னியில், ஒரு பிள்ளை வாழ்க்கையில் மேலே வரவேண்டும் என்ற முனைப்போடு இருப்பதைப் பெரியவர்கள் எடுத்துச் சொல்லும்போது, இலட்சியம், குறிக்கோள் போன்ற சொற்களைத் தொடுவதில்லை. "அவன் நல்ல ஊக்கமான பெடியன்" என்பார்கள். "ஊக்கமாய்ப் படிக்கிறாள், முன்னுக்கு வந்திடுவாள்" என்பார்கள். ஒட்டுசுட்டானிலும் முத்தையன்கட்டிலும் புதுக்குடியிருப்பிலும் கமம் செய்து வாழ்ந்த என் உறவினர் எல்லாருடைய வாயிலும் இந்தச் சொல் இருந்தது. மேடைப்பேச்சிலும் பள்ளிக்கூடக் கட்டுரைகளிலும் அது மெல்ல மெல்ல ஒதுங்கி, அதன் இடத்தில் வேறு சொற்கள் வந்து அமர்ந்துவிட்டன. தமிழ் கற்பிக்கும் ஆசிரியனாக இருப்பதால் இந்த மாற்றம் நாள்தோறும் என் கண்ணில் படுகிறது. ஊக்கம் என்ற சொல் எங்கிருந்து வந்தது, எதைக் குறித்தது, இன்று எப்படி வழங்குகிறது என்பதை இங்கே விரிவாக எழுத விரும்புகிறேன். மனிதன் உயர நினைப்பதைச் சுட்டத் தமிழில் இருக்கும் சொற்களுள் இதுவே மிகச் சிறந்தது என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் பேச்சில் ஊக்கத்துக்கு அக்கம்பக்கமாக இன்னும் சில சொற்கள் வழங்குகின்றன. பிரயாசை என்பது உடலை வருத்திச் செய்யும் உழைப்பு. காட்டை வெட்டிக் காணியாக்கிய ஒருவரைப் "பெரிய பிரயாசைக்காரன்" என்று மதிப்போடு சொல்வார்கள். ரோசம் என்பது அவமதிப்புக்குப் பின் எழும் வேகம். "ரோசம் வந்து படிச்சான்" என்றால், யாரோ அவனைக் குறைத்துப் பேசியிருக்கிறார்கள் என்று கேட்பவருக்கு உடனே விளங்கிவிடும். எண்ணம் என்ற சொல்லுக்கோ எங்கள் பக்கத்தில் வேறு முகம் உண்டு. எழுத்தில் அது நினைவையும் கருத்தையும் குறிக்கிறது. பேச்சில் "அவருக்குக் கொஞ்சம் எண்ணம் கூட" என்றால், அவர் தம்மை மிகப் பெரியவராக நினைத்துக்கொள்கிறார் என்ற குறையே அங்கு சொல்லப்படுகிறது. ஆசை பற்றிய பழமொழிகளோ ஏறத்தாழ எல்லாமே எச்சரிக்கைகள்: பேராசை பெருநட்டம், கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை, முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்டது போல. ஊக்கத்தைப் பழித்து ஒரு பழமொழியை நான் இதுவரை கேட்டதில்லை. இந்தச் சொல்லின் மீது எனக்கு முதலில் மதிப்பை உண்டாக்கியது அதுதான்.

இலட்சியம், லக்ஷ்ய என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். குறிவைக்கப்படுவது, அம்பு சென்று தைக்க வேண்டிய இடம் என்பது அதன் அடிப்பொருள். நூறாயிரத்தைக் குறிக்கும் இலட்சமும், பொருட்படுத்தாமையைக் குறிக்கும் அலட்சியமும் அதே வேரைச் சேர்ந்தவை. இலக்கு என்ற சொல்லையும் அகராதிகள் பல இதனோடு சேர்க்கின்றன. அது தமிழ் வேரே என்று வாதிடுவோரும் உள்ளனர். எப்படியாயினும் இந்தச் சொல்லின் பார்வை எதிரே நிற்கும் குறியின் மீதே நிலைத்திருக்கிறது. எய்பவர் யார், அவர் தோளில் எவ்வளவு வலு இருக்கிறது என்பதைச் சொல் கேட்பதில்லை. வன்னியில் அதற்கு இன்னொரு பாரமும் உண்டு. நீண்ட போர்க்காலத்தில் மேடைகளிலும் வானொலியிலும் சுவரொட்டிகளிலும் நினைவுக்கற்களிலும் ஒலித்த சொல் அது. உயிரோடு சேர்த்துச் சொல்லப்பட்ட சொல். பிள்ளைகளை இழந்த வீடுகளில் இன்றும் அது எளிதாக வாயில் வருவதில்லை. தாதியாக வேண்டும், கணக்காளராக வேண்டும் என்ற ஒரு பதின்வயதுப் பிள்ளையின் விருப்பத்துக்கு நாங்கள் அந்தப் பெயரைச் சூட்டும்போது, பக்கத்தில் இருக்கும் அம்மம்மாவின் முகம் ஒரு கணம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். சொல்லின் மீது குற்றம் இல்லை. அது இங்கே கடந்து வந்த ஆண்டுகள் அப்படிப்பட்டவை.

குறிக்கோள் நல்ல தமிழ்ச்சொல், மிகப் பழைய சொல்லும்கூட. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருநாவுக்கரசர், திருக்கொண்டீச்சரத்துத் தேவாரத்தில், பாலனாய்க் கழிந்த நாளையும், இளமையின் மயக்கத்தில் கழிந்த நாளையும், மூப்பு வந்து கோலூன்றிக் கழிந்த நாளையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து, "குறிக்கோள் இலாது கெட்டேன்" என்று இரங்குகிறார். ஒரு பதவியோ தொழிலோ அவர் மனத்தில் இல்லை. வாழ்நாள் முழுவதையும் ஒரே திசையில் கட்டி நிறுத்தும் ஒன்றையே அவர் அந்தப் பெயரால் அழைக்கிறார். இன்று திட்ட அறிக்கைகளில் நோக்கம், குறிக்கோள், இலக்கு என்று வரிசையாக அச்சாகும்போது, அந்த இரக்கக்குரல் அதில் கேட்பதில்லை. அபிலாசையின் நிலை வேறு. விருப்பத்தைக் குறித்த அந்த வடசொல், இலங்கைத் தமிழில் பெரும்பாலும் அரசியலுக்கே ஒதுக்கப்பட்டுவிட்டது. 'தமிழ் மக்களின் அபிலாசைகள்' என்று அறிக்கைகளிலும் தேர்தல் விஞ்ஞாபனங்களிலும் பன்மையில் வரும். தனி ஒருவருக்கு அபிலாசை இருப்பதாக எங்கள் ஊரில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் அம்பிஷன் என்ற சொல்லின் பிறப்பையும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் எங்கள் பிள்ளைகள் அதையும் பேச்சில் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். சுற்றி நடத்தல் என்ற பொருளுடைய 'அம்பிரே' என்ற இலத்தீன் வினையிலிருந்து அது வந்தது. பண்டைய உரோமில் பதவிக்குப் போட்டியிட்டவர்கள் வெளுத்த மேலாடை அணிந்து, ஊரைச் சுற்றிவந்து ஆளாளாகக் கண்டு ஆதரவு கேட்டார்கள்; அந்தச் சுற்றலுக்கே 'அம்பிதியோ' என்று பெயர். அதே வினையிலிருந்து பிறந்த 'அம்பிதுஸ்' என்ற சொல், இலஞ்சம் கொடுத்து வாக்குப் பெறும் குற்றத்தைச் சட்டத்தில் குறித்தது. வேட்பாளரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அந்த வெள்ளாடையிலிருந்து வந்ததே. பிறர் முன்னே போய் நின்று, பிறர் தருவதைப் பெறுவதற்காக நடக்கும் நடை அந்தச் சொல்லின் அடியில் கிடக்கிறது.

ஊக்கத்தின் அடியில் கிடப்பது ஓர் ஊஞ்சல். ஊக்கு என்ற வினைக்கு விசையோடு அசைத்தல், முன்னோக்கித் தள்ளுதல் என்பது பொருள். கலித்தொகையின் 37ஆம் பாட்டில், தினைப்புனத்துப் பக்கம் நாள்தோறும் வந்து நின்று, எதுவும் சொல்லாமல் பார்த்துவிட்டுப் போகும் ஓர் இளைஞனைப் பற்றித் தலைவி தோழியிடம் சொல்கிறாள். அவள் ஊஞ்சலாடிக்கொண்டிருந்த ஒரு நாள் அவன் வந்தபோது, "ஐய, சிறிது என்னை ஊக்கி" என்று கேட்கிறாள். அவனும் நல்லது என்று ஊக்குகிறான். அவள் கை நழுவியதுபோல் பொய்யாக அவன் மார்பில் விழுகிறாள். காதல் நுட்பத்துக்காகப் பலரும் எடுத்துக்காட்டும் பாட்டு அது. எனக்கோ அந்த ஒரு வினையே போதுமானதாக இருக்கிறது. கையால் பலகையைத் தள்ளும் வேலைக்குப் பெயராக இருந்த சொல், மனத்தை முன்னே தள்ளும் ஆற்றலுக்கும் பெயராயிற்று.

ஊஞ்சலைப் பற்றி எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. சித்திரைப் புத்தாண்டுக்குப் புளியமரத்திலோ வேம்பிலோ வடக்கயிற்றைக் கட்டிப் பலகை போட்டுவிடுவார்கள். முதலில் யாராவது பின்னால் நின்று உந்திவிட வேண்டும். பலகை ஓரளவு வீசத் தொடங்கியதும், அதில் நிற்பவர் முழங்காலை மடக்கி நிமிர்ந்து தாமே உழக்கத் தொடங்குவார். அதற்குப் பிறகு எவ்வளவு உயரம் போவது என்பது அவருடைய காலைப் பொறுத்தது. பிறர் தள்ளுவதும் தானே உழக்குவதும் ஆகிய இரண்டையும் பழந்தமிழ் ஊக்கு என்ற ஒரே வினைக்குள் அடக்கியிருக்கிறது. கலித்தொகையில் அவன் அவளை ஊக்குகிறான். திருக்குறளில் ஒருவர் தாமே ஒரு செயலில் ஊக்குகிறார். இந்த இருபக்கத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டால், சொல்லுக்குப் பின்னாளில் நேர்ந்தது என்ன என்பது தெளிவாக விளங்கும்.

ஏடு தொடக்கிய பிள்ளை உயிரெழுத்துகளோடு சேர்த்து ஆத்திசூடி படிக்கும்போது, ஊ என்ற எழுத்துக்கு வருவது "ஊக்கமது கைவிடேல்". அந்த வயதில் பொருள் தெரியாது. ஒலி மட்டும் ஒட்டிக்கொள்ளும். திருக்குறள் இந்தச் சொல்லுக்கு ஊக்கமுடைமை என்று ஒரு முழு அதிகாரத்தையே கொடுத்திருக்கிறது. அது 60ஆம் அதிகாரம், பொருட்பாலில் அரசியலுக்குள் இருக்கிறது. அதற்கு முன்னால், அறத்துப்பாலின் துறவறவியலில், 37ஆம் அதிகாரமாக அவாவறுத்தல் வருகிறது. அவாவை எல்லா உயிர்க்கும் ஓயாத பிறப்பைத் தரும் வித்து என்று சொல்லி, அதை அறுக்கச் சொன்ன அதே ஆசிரியர், ஊக்கத்தை உடைமைகளுக்கெல்லாம் மேலான உடைமை என்கிறார். இரண்டும் மனத்தின் வேகங்கள்தாம். அவாவில் பொருள் மனிதனை இழுக்கிறது. ஊக்கத்தில் மனிதன் தன்னைத்தானே எழுப்பிக்கொள்கிறான். இந்த வேறுபாட்டை இவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்திருக்கும் மொழியில், இரண்டுக்கும் சேர்த்து 'ஆசை' என்று ஒரே பெயரிட்டுப் பிள்ளைகளை அடக்குவது எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது.

அந்த அதிகாரத்தில் எங்கள் மண்ணுக்காகவே எழுதியதுபோல் ஒரு குறள் இருக்கிறது. "ஆக்கம் இழந்தேமென்று அல்லாவார் ஊக்கம் ஒருவந்தம் கைத்துடை யார்" என்பது அது. கைத்து என்றால் கைப்பொருள். ஒருவந்தம் என்றால் நிலையாக. ஊக்கத்தை நிலையான கைப்பொருளாக உடையவர்கள், செல்வத்தை இழந்துவிட்டோம் என்று கலங்கமாட்டார்கள் என்கிறது. போர் முடிந்த 2009இல் வன்னியில் ஆக்கம் என்று சொல்லத்தக்க எதுவும் எவரிடமும் எஞ்சவில்லை. வீடு, மாடு, உழவு இயந்திரம், விதைநெல், காணி உறுதி, பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாம் வழியிலேயே போயின. இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் கம்பி வேலிக்குள் இருந்தவர்கள் சிறிது சிறிதாக விடப்பட்டு, அந்த முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது.

என் பெரியம்மா அந்த முகாமிலிருந்து திரும்பியபோது, காணியின் ஒரு பக்கத்தில் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நின்றது. மற்றப் பக்கத்தில் கொடுத்த தறப்பாளைக் கட்டிக்கொண்டு, அவர் முதலில் கை வைத்தது கிணற்றில். உள்ளே இடிந்த கட்டுக் கற்களும் துளைபட்ட தகரங்களும் ஒரு சைக்கிளின் சட்டமும் கிடந்தன. கயிற்றில் வாளியைக் கட்டி இறக்கி, சேற்றை அள்ளி அள்ளிப் போட்டு, ஊற்றுக்கண் தெரியும்வரை நாங்கள் மாறி மாறி இறைத்தோம். ஊறிய தண்ணீர் முதலில் பால்போல் கலங்கி வந்தது. அது தெளிவதற்குள் பெரியம்மா பாத்தி பிடித்துக் கத்தரிக்கும் பயற்றைக்கும் இடம் குறித்துவிட்டார். உதவிப் பொருட்களைப் பதிய வந்த உத்தியோகத்தர், இனி என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டபோது, "ஊக்கமா நிண்டால் ஒரு போகத்துக்குள்ள நிமிர்ந்திடலாம், தம்பி" என்றார். அவர் வள்ளுவரைப் படித்தவர் அல்லர். குறள் சொன்ன பொருளில், குறள் சொன்ன இடத்தில், அந்தச் சொல் அவர் வாயில் வந்தது. உரைகாரர் பரிமேலழகரும் ஊக்கத்தை, மனம் மெலியாமல் செயலில் கிளர்ந்தெழுதல் என்ற கருத்துப்படவே விளக்குகிறார்.

பள்ளிக்கூடங்களில் அதிகம் எடுத்தாளப்படும் குறள் இதே அதிகாரத்தில் உள்ள "வெள்ளத் தனைய மலர்நீட்டம் மாந்தர்தம் உள்ளத் தனையது உயர்வு" என்பது. பரிசளிப்பு விழாப் பேச்சுகளில் பிள்ளைகளை மலர்களாகச் சொல்லி இதை முடித்துவிடுவார்கள். குளத்தோடு வாழ்பவர்களுக்கு அதில் இன்னும் நுட்பமான செய்தி ஒன்று தெரியும். ஆடி ஆவணியில் ஊர்க்குளங்கள் வற்றிக் கிடக்கும்போது தாமரையின் தண்டு குட்டையாக, இலைகள் சேற்றோடு ஒட்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நீர் ஏற ஏறத் தண்டு நீண்டு, மார்கழியில் குளம் நிரம்பி வான் பாயும் வேளையிலும் பூ நீருக்கு மேலேயே நிற்கும். அப்போது ஒரு பூவை அடியோடு இழுத்துப் பார்த்தால், தண்டு ஓர் ஆள் உயரத்தையும் தாண்டி வந்துகொண்டே இருக்கும். குறளில் உள்ளம் பூவுக்கு ஒப்பாகச் சொல்லப்படவில்லை. நீருக்கே ஒப்பாகச் சொல்லப்பட்டது. உயர்வுதான் பூ. மேலே தெரியும் பூவை நோக்கி ஆசைப்படச் சொல்வதை விட்டு, உள்ளே நீரை ஏற்றச் சொல்கிறார் வள்ளுவர். ஊக்கம் என்ற அதிகாரத் தலைப்புக்கு உள்ளம் என்பதையே அவர் மாற்றுச் சொல்லாக மீண்டும் மீண்டும் ஆள்வதும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஊக்கத்துக்கு எல்லையே இல்லை என்று பழைய நூல்கள் சொல்லிவிடவில்லை. வலியறிதல் அதிகாரம் இந்தச் சொல்லை மிகக் கடுமையான எச்சரிக்கையோடு எடுத்தாள்கிறது. "உடைத்தம் வலியறியார் ஊக்கத்தின் ஊக்கி இடைக்கண் முரிந்தார் பலர்" என்ற குறளில், தம் வலிமையின் அளவை அறியாமல் மனவேகத்தால் மட்டுமே தொடங்கி நடுவில் ஒடிந்தவர்கள் பலர் என்று வருகிறது. "நுனிக்கொம்பர் ஏறினார் அஃதிறந் தூக்கின் உயிர்க்கிறுதி ஆகி விடும்" என்பது அடுத்துச் சில குறள்கள் தள்ளி வருகிறது. பாலைப்பழக் காலத்தில் மரமேறிய எவருக்கும் இதற்கு உரை தேவையில்லை; நல்ல பழம் எப்போதும் நுனியில்தான் தொங்கும். இவற்றைவிட என்னை அதிகம் உலுக்குவது 463ஆம் குறள்: "ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை ஊக்கார் அறிவுடை யார்". வரப்போகும் பயனை எண்ணிக் கையில் இருக்கும் முதலையும் இழக்கச் செய்யும் செயலில் அறிவுடையவர்கள் ஊக்கமாட்டார்கள்.

போருக்குப் பின் எங்கள் ஊர்களுக்கு நுண்கடன் வந்த விதத்தை நினைத்தால் இந்தக் குறளின் கூர்மை விளங்கும். சுயதொழில் ஊக்குவிப்பு, பெண்களை ஊக்குவித்தல் என்ற பெயர்களோடு கிழமைக்குக் கிழமை தவணை அறவிடும் கடன்கள் வாசலுக்கே வந்தன. கோழி வளர்க்கவும் தையல் இயந்திரம் வாங்கவும் கடன் எடுத்தவர்கள், ஒரு கடனின் தவணையைக் கட்ட இன்னொரு கடன் எடுத்தார்கள். மழை பொய்த்த போகங்களில் காதிலிருந்த தோடும் அடகுக்குப் போயிற்று. அவர்களிடம் ஊக்கம் குறைவாக இருக்கவில்லை. ஊஞ்சலைத் தள்ளியவர்கள், அதில் நின்றவரின் கால்வலுவையோ கயிற்றின் உறுதியையோ பார்க்காமல் தள்ளினார்கள். ஊக்கம் என்ற சொல்லை ஒரு கடன் பத்திரத்தின் தலைப்பில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம் வருகிறது.

பின்வாங்குவதையும் ஊக்கத்தின் பகுதியாகவே பழந்தமிழர் கண்டனர். "ஊக்க முடையான் ஒடுக்கம் பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து" என்று காலமறிதலில் வருகிறது. சண்டைக் கடா மோதுவதற்கு முன் பின்னே நகர்வதைப் போன்றது ஊக்கமுடையவர் அடங்கியிருப்பது. உயர்தரப் பரீட்சையில் முதல் முறை புள்ளி போதாமல் வீட்டில் இருந்து மறுபடி எழுதும் பிள்ளைகளிடம் நான் இந்தக் குறளைச் சொல்வதுண்டு.

முயற்சியின் அளவு பற்றியும் ஒரு சொல். "கான முயலெய்த அம்பினில் யானை பிழைத்தவேல் ஏந்தல் இனிது" என்பது படைச்செருக்கில் வரும் குறள். காட்டு முயலைத் தைத்த அம்பை ஏந்துவதைவிட, யானைக்கு எறிந்து தவறிய வேலை ஏந்துவது இனிது என்கிறது. புறநானூற்றின் 190ஆம் பாட்டில் சோழன் நல்லுருத்திரன், விளைந்த வயலில் கதிரைக் கவ்விக்கொண்டு போய் வளைக்குள் நிரப்பும் எலியைப் போல, உள்ளதை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் உள்ளமில்லாதவர்களோடு எனக்கு நட்பு வேண்டாம் என்கிறான். அரிவு வெட்டுக் காலத்தில் வரப்பை வெட்டும்போது எலிவளைக்குள் ஒழுங்காக அடுக்கிய நெற்கதிர்களைப் பார்த்திருப்பவர்கள் இந்த வசையின் கனத்தை அறிவார்கள். யானையைப் பற்றிய ஊக்கத்துக்கு எங்கள் நாட்டிலேயே ஒரு கதை உண்டு. யானை பிடிக்கும் பணிக்கர்கள் வாழ்ந்த இடம் வன்னி. வன்னியர்கள் என்று அழைக்கப்பட்ட இந்த நாட்டுச் சிற்றரசர்கள் அந்நியருக்குத் திறையாகக் கொடுத்ததும் யானையே. குமுழமுனைப் பக்கத்தில் வழங்கும் வாய்மொழிக் கதையில், வேலப்பணிக்கரின் மனைவி அரியாத்தை மதயானை ஒன்றைத் தானே போய் அடக்கிக் கட்டுகிறாள். அதைப் பொறுக்காதவர்கள் அவளுக்கு நஞ்சூட்டிவிடுகிறார்கள். அந்தக் கதை ஒப்பாரியாகவே பாடப்பட்டு வந்தது. வெற்றியில் முடியாத ஒரு பெண்ணின் ஊக்கத்தை, அழுதாவது மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எங்கள் முன்னோர் நினைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது.

இன்றைய வழக்குக்கு வருகிறேன். ஊக்கு என்ற தனி வினை பேச்சில் இல்லாமல் போய்விட்டது. பாடப்புத்தகத்துக்கு வெளியே "அவன் அதில் ஊக்கினான்" என்று யாரும் சொல்வதில்லை. நிலைத்திருப்பது ஊக்குவி என்ற பிறவினை. அதிலிருந்து ஊக்குவிப்பு, ஊக்குவிப்புக் கொடுப்பனவு, ஊக்குவிப்பாளர் என்று அலுவலகத் தமிழ் வளர்ந்திருக்கிறது. விளையாட்டில் ஊக்கமருந்து வந்தது. எங்கள் இரசாயனவியல் பாடத்தில், தான் செலவாகாமல் தாக்கத்தின் வேகத்தைக் கூட்டும் பொருளுக்கு ஊக்கி என்று பெயர்; மிகப் பொருத்தமான கலைச்சொல் அது, அதை அமைத்தவர்களை நான் வணங்குகிறேன். ஆயினும் இந்தச் சொற்களில் ஊக்கம் வெளியிலிருந்தே வருகிறது: ஒருவர் கொடுக்கிறார், மற்றவர் பெறுகிறார். கலித்தொகையின் பக்கம் மட்டும் எஞ்சி, திருக்குறளின் பக்கம் தேய்ந்துவிட்டது. உதவித் திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்த பிரதேசத்தில் இது வேகமாக நடந்ததில் வியப்பில்லை. 'ஊக்குவிக்கப்பட வேண்டிய மக்கள்' என்று ஓர் அறிக்கையில் எங்களைப் பற்றிப் படித்தபோது, கிணற்றுச் சேற்றில் நின்ற பெரியம்மாவின் ஊக்கத்துக்கு அந்த வாக்கியத்தில் இடம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன்.

இலட்சியம் இருக்கும் இடத்திலெல்லாம் ஊக்கத்தை வைத்துவிடலாம் என்று நான் வாதிட வரவில்லை. இலக்கணம் அதற்கு இடம் தராது. 'மருத்துவராகும் இலட்சியம்' என்று சொல்லலாம், 'மருத்துவராகும் ஊக்கம்' என்று சொன்னால் வாக்கியம் முடமாகிவிடும். ஊக்கம் எதை அடைவது என்பதைச் சொல்லாது. எப்படி இருப்பது என்பதையே சொல்லும். அதனால்தான் அது ஊக்கமாக, ஊக்கமான என்று எப்போதும் ஒரு செயலோடோ ஓர் ஆளோடோ ஒட்டிக்கொண்டு வருகிறது. போய்ச் சேரும் இடத்துக்குப் பெயர் வேண்டுமானால், "உள்ளுவ தெல்லாம் உயர்வுள்ளல்" என்ற குறளிலிருந்து உயர்வுள்ளல் என்பதை எடுத்துக்கொள்ளலாம். அது கைகூடாமல் தள்ளிப்போனாலும் தள்ளாத தன்மை உடையது என்று அந்தக் குறளே தொடர்ந்து சொல்கிறது.

ஆண்டுதோறும் எங்கள் வகுப்புகளில் 'எனது எதிர்கால இலட்சியம்' என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்வது வழக்கம். வைத்தியர், பொறியியலாளர், ஆசிரியர் என்று தொழிலின் பெயரும் அதன் பெருமையும் எழுதிக் கட்டுரை முடிந்துவிடும். தலைப்பை நான் மாற்றவில்லை, பரீட்சையிலும் அப்படியே வருவதால் பிள்ளைகள் அதற்குப் பழக வேண்டும். அதற்குக் கீழே 'இதற்காக நான் ஊக்கமாகச் செய்துகொண்டிருப்பது' என்று ஒரு பத்தியைச் சேர்த்து எழுதச் சொல்லத் தொடங்கியிருக்கிறேன். நாயாற்றுக் கரையிலிருந்து வரும் ஒரு பிள்ளை, தகப்பனார் கடலுக்குப் போகும் விடியற்காலையில் தானும் எழும்பி, அவருக்குத் தேநீர் வைத்துக் கொடுத்துவிட்டு, அந்த விளக்கை அணைக்காமல் கணிதம் செய்வதாக எழுதியிருந்தாள். தொழிலின் பெயரை அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. அந்த இடத்தைப் பென்சிலால் எழுதி அழித்திருந்தாள். இரண்டாம் பத்திக்கு முழுப்புள்ளி கொடுத்தேன்.